அக்காவின் வலது கால்

உலு திராம் என்ற ஊரில் மேட்டுத் தெருவின் கடைசி வீடு திருச்செல்வத்தின் வீடு. அந்த வீட்டுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, எதற்காவது பெயர் கொடுத்துவிட்டால் பின்வாங்குவதில்லை. இன்னொன்று, வீட்டுக்குள் எந்தச் சங்கடம் வந்தாலும் அது வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை.

அந்தப் பள்ளி விடுமுறையில் அந்த வீட்டிலிருந்து இரண்டு பெயர்கள் போயிருந்தன.

மூத்தவள் சந்திரமதியின் பெயர் ஆகாயப்படைக்குப் போயிருந்தது. விமானி ஆவதற்கான திறன் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. இளையவள் ஷர்மினியின் பெயர் தெருப் பிள்ளைகள் நடத்தும் பலகை வண்டிப் போட்டிக்குப் போயிருந்தது. போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. தேர்வு அதற்கடுத்த புதன்கிழமை.

சந்திரமதிக்குப் பத்தொன்பது வயது. ஷர்மினிக்குப் பத்து. அக்கா விமானம் ஓட்டப் போகிறாள் என்பதில் ஷர்மினிக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் அக்காவுக்குத்தான்.

தேர்வு என்றால் தாளில் எழுதுவது மட்டும் என்று ஷர்மினி நினைத்திருந்தாள். அப்படியில்லை. கணினியின் முன்னால் உட்கார வேண்டும். காலுக்குக் கீழே இரண்டு பெடல்கள் இருக்கும். திரையில் ஒரு பச்சைப் புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். வலது பெடலை மிதித்தால் அது வலப்பக்கம் போகும். இடது பெடலை மிதித்தால் இடப்பக்கம் போகும். அந்தப் புள்ளியை நடுவிலுள்ள வட்டத்தை விட்டு வெளியே போகாமல் வைத்திருக்க வேண்டும். விமானத்திலும் அப்படித்தான், எந்தக் காலை மிதிக்கிறோமோ அந்தப் பக்கம்தான் மூக்கு திரும்பும் என்று அக்கா சொன்னாள்.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. காதில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். புள்ளியையும் பார்த்துக்கொண்டு, அந்த எண்களையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அக்காவின் தோழி ஒருத்தி கணினி விளையாட்டுக்கு வைத்திருந்த பெடல்களை இரவல் கொடுத்திருந்தாள். மடிக்கணினியில் அவற்றைச் செருகி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா பயிற்சி செய்தாள். எண்களை வாசிக்கும் வேலை ஷர்மினிக்கு. தேர்வில் குரல் ஆங்கிலத்தில் வரும் என்பதால் அவளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மூக்கால் பேசி ஆங்கிலத்தில் வாசித்தாள்.

"செவன்… த்ரீ… நைன்…"

"ஏன்டி மூக்கால பேசுற?"

"ஏர்ஃபோர்ஸ்ல அப்படித்தான் பேசுவாங்க."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்த நேரத்தில் பச்சைப் புள்ளி வட்டத்தை விட்டு ஓடிப்போனது.

எண் வாசிக்காமல் செய்தால் அக்காவுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வந்தது. வாசிக்கத் தொடங்கினால் முப்பது. மறுபடி செய்தாள், முப்பத்தொன்று. மறுபடியும் செய்தாள், இருபத்தெட்டு. எல்லாத் தடவையும் தவறு ஒன்றுதான். வலது காலை மிதிக்க வேண்டிய இடத்தில் இடது கால் போனது. இடது போக வேண்டிய இடத்தில் வலது போனது.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் பக்கத்திலேயே தலையையும் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுதுடி, வலதுன்னா வலதுதான். மூளைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

சத்தம் நின்றுவிட்டதே என்று வெளியிலிருந்து அம்மா செல்வராணி கேட்டாள். தண்ணீர் குடிக்கிறோம் என்று ஷர்மினி பதில் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. அப்பா வெளியே எங்கும் பெருமை பேசியவர் இல்லை. கோயிலில் யாராவது கேட்டால்கூட, கடிதம் வந்திருக்கிறது என்று ஒரே வரியில் நிறுத்திக்கொள்வார். ஆனால் தேர்வுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டையை ஒரு வாரம் முன்பே தன் கையாலேயே இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பை மாட்டித் தொங்கவிட்டிருந்தார். அறைக்குள் வரும்போதெல்லாம் அந்தச் சட்டையை அக்கா பார்ப்பாள். பிறகு வேறு பக்கம் பார்ப்பாள்.

"இன்னொரு தடவ செய்யலாம்க்கா," என்றாள் ஷர்மினி.

இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. படுத்திருந்த இடத்திலிருந்தே மேசைக்கடியில் அக்காவின் கால்களைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

புள்ளி வலப்பக்கம் ஓடியது. அதை இடப்பக்கம் இழுக்க வேண்டும். அக்காவின் வலது குதிகால் மெல்ல எழுந்தது. பெருவிரல் வளைந்தது. முழங்காலை விறைப்பாக்கி, வலது காலை முன்னால் தள்ளினாள்.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் சொல்லாமலே ஷர்மினியின் வலது காலும் அதே மாதிரி அந்தரத்தில் தள்ளியது.

ஷர்மினி வாசிப்பதை நிறுத்திவிட்டாள். இந்தக் காலசைவு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இதை அக்கா பெடலில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்வதற்கு முன்னால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு லெஸ்லியைக் கூப்பிட்டாள். புதுசாக ஒரு விளையாட்டு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். லெஸ்லிக்கும் பத்து வயதுதான். கையில் ஒரு பை கெரோப்போக் நொறுக்குத் தீனியுடன் வந்து உட்கார்ந்தான்.

வாய் நிறைய மென்றுகொண்டே எண்களைத் திருப்பிச் சொன்னான். கால்களை ஆட்டி ஆட்டி மிதித்தான். முடிவில் திரையில் எழுபத்தெட்டு என்று வந்தது.

தலையில் துண்டோடு அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு மார்க் இது?"

"என்னோடதுக்கா," என்றான் லெஸ்லி. "ரொம்ப ஈசி லா. உங்களுக்கு எவ்ளோ?"

ஷர்மினி அவனை அவசர அவசரமாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அக்காவின் முகம் சிவந்திருந்தது.

"கெரோப்போக் தின்னுக்கிட்டே எழுபத்தெட்டு. நான் போக வேணாம்டி. அவனையே அனுப்பிடு."

"அவன் கெட்டிக்காரன் இல்லக்கா. அவன் நம்ம வண்டிய ஓட்டினது இல்ல, அவ்வளவுதான்."

அக்காவின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே சாக்கு போர்த்தி நிறுத்தியிருந்தது அந்தப் பலகை வண்டி.

அதை அப்பா செய்து பத்து வருடமாகிறது. உட்கார ஒரு பலகை. முன்னால், ஒரே ஒரு போல்ட்டில் திரும்பும் இன்னொரு நீளப் பலகை. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள். ஓட்டுகிறவர் முனைகளின்மேல் பாதங்களை வைத்துத் திருப்ப வேண்டும். தெருவின் மேட்டிலிருந்து திடல்வரை சரிவில் விட்டால் காற்று காதில் ஊதும். திடலோரத் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் வெற்றி பெற்றவர் பெயரைச் சாயத்தில் எழுதுவார்கள். அதில் சந்திரமதி பெயர் நான்கு வருடம், ஷர்மினி பெயர் இரண்டு வருடம்.

"உக்காருக்கா. இப்ப இடப்பக்கம் திருப்பு."

அக்கா உட்கார்ந்தாள். கொஞ்சமும் யோசிக்காமல் வலது காலை முன்னால் தள்ளினாள். வலது முனை முன்னால் போக, சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின.

அக்கா தன் காலையே பார்த்தாள். பெடலில் வலதை மிதித்தால் வலப்பக்கம். வண்டியில் வலதைத் தள்ளினால் இடப்பக்கம். ஒன்பது வயதிலிருந்து இந்தச் சரிவில் ஆயிரம் தடவை இறங்கியிருக்கிறாள். மூளை சும்மா இருந்தால் காலுக்குச் சொல்லிக் கொடுக்கும். எண்களைக் கேட்கப் போய்விட்டால், கால் தனக்குத் தெரிந்த பழைய வழியிலேயே போய்விடும்.

"லெஸ்லி வண்டிக்குக் கைல பிடிக்கிற ஸ்டீயரிங். அதான் அவன் காலுக்கு எதுவும் தெரியாது," என்றாள் ஷர்மினி.

அக்கா பாதங்களைப் பலகையிலிருந்து எடுத்தாள். பிறகு, "பத்து வருஷப் பழக்கத்த ஏழு நாள்ல எப்படிடி மாத்துறது?" என்றாள்.

அதற்கும் ஷர்மினி யோசித்து வைத்திருந்தாள். இரவு சாப்பாட்டுக்கு முன் கணக்குப் புத்தகத்தின் பின் அட்டையில் படம்கூட வரைந்துவிட்டாள். நீளப் பலகையைக் குட்டையாக அறுக்க வேண்டும். அதற்குப் பின்னால் பாதம் வைக்கத் தனியாக ஒரு கட்டை பொருத்த வேண்டும். கட்டையின் இடது முனையிலிருந்து சக்கரப் பலகையின் வலது முனைக்கு ஒரு கயிறு. வலது முனையிலிருந்து இடது முனைக்கு இன்னொரு கயிறு. இரண்டும் நடுவில் குறுக்கே போகும். அப்படிச் செய்தால் வலது காலைத் தள்ளும்போது வண்டி வலப்பக்கம் திரும்பும். சரிவில் கற்ற பழக்கம் சரிவில்தான் போகும் என்பது அவள் எண்ணம்.

ஆனால் பலகையை அறுத்தால் அறுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு வண்டி செய்ய முடியாது. அதைவிடப் பெரிய கஷ்டம், அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று அக்கா தடுத்தாள். ஷர்மினி கேட்கவில்லை.

அப்பா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். வேலையிலிருந்து வந்தாலும் நாற்காலியில் சாய்ந்து உட்காரமாட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் ஷர்மினி நின்றாள்.

"அப்பா, வண்டிய அறுக்கணும்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த வண்டிய?"

"நம்ம வண்டிய."

"அதுல ஒரு ஆணிகூட நான் மாத்தினது இல்ல. தெரியுமா?"

"தெரியும்பா. ஆனா அக்கா காலு தப்பாப் போகுது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஷர்மினி எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது மதிப்பெண்ணையும் சொன்னாள். லெஸ்லியின் எழுபத்தெட்டையும் மறைக்கவில்லை. அக்கா கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போனார். தானே அந்தச் சின்ன வண்டியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் தாடைவரை வந்தன. வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். வலது காலைத் தள்ளினார். இடது காலைத் தள்ளினார். சக்கரம் திரும்புவதையே பார்த்தார்.

"குதிகாலத் தூக்கித் தள்ளுன்னு நான்தான சொல்லிக் குடுத்தேன்," என்றார்.

வண்டியிலிருந்து எழுந்து ஷர்மினி பக்கம் திரும்பினார்.

"சரி, ஞாயித்துக்கெழம நீ என்ன பண்ணுவ? ஒன் காலும் இதே காலுதான."

"ஓட்டுவேன்பா. பேர் குடுத்தாச்சுல்ல."

"தோத்துப் போவ."

"ஆமாப்பா. அதுக்கும் யோசிச்சிட்டேன். சுவருல நம்ம பேரு ஏற்கெனவே ஆறு இருக்கு."

அப்பா மகளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து வரச் சொன்னார். அறுக்கும்போது பலகையின் மறுமுனையை ஷர்மினிதான் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் ரம்பம் ஒரு கணம் நின்றது. அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மரத்தூள் என்று சொல்லிவிட்டு மேலும் அறுத்தார்.

மறுநாள் மாலையிலிருந்து மேட்டுத் தெருவில் ஒரு வினோதம் நடந்தது. விமானி ஆகப் போகும் பெண், அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, குழந்தைகள் ஓட்டும் வண்டியில் சரிவில் இறங்கினாள். பக்கத்தில் அவள் தங்கை எண்களைக் கத்திக்கொண்டு ஓடினாள்.

முதல் நாள் அக்கா மூன்று தடவை வேலியில் மோதினாள். இரண்டு தடவை லாலான் புல்லுக்குள் போனாள். ஒரு தடவை, இடப்பக்கம் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் போய்க் கோழிகளை விரட்டினாள்.

லெஸ்லியின் அப்பா டெஸ்மண்ட் அங்கிள் வாசலில் நின்று கவனித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன லா ஷர்மினி, நம்பரா சொல்லிக்கிட்டு ஓடுற? லாட்டரி நாலு நம்பரா? நான் எழுதிக்கட்டுமா?"

"வேணாம் அங்கிள், இது ஏர்ஃபோர்ஸ் நம்பரு," என்று ஓடிக்கொண்டே சொன்னாள் ஷர்மினி. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

சனிக்கிழமை மாலை, எண்களைச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, எதிலும் மோதாமல் அக்கா திடல்வரை போய்விட்டாள். கீழே போய் நின்றதும் ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஷர்மினி மூச்சிரைக்க ஓடி வந்து, ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டாள்.

"யோசிக்காமலே திருப்பிட்டேன்டி," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு வண்டிகள் மேட்டில் வரிசையாக நின்றன. குறுக்குக் கயிறு கட்டிய வண்டியைப் பார்த்து லெஸ்லி உதட்டைப் பிதுக்கினான்.

"உங்க வண்டிக்கு வயசாயிருச்சு. கட்டுப் போட்டு வச்சிருக்கீங்க."

ஷர்மினி கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள். மூன்று நாளும் அவள் பக்கத்தில் ஓடியிருந்தாளே தவிர, ஒரு தடவைகூட அந்த வண்டியில் உட்காரவில்லை. இருந்த நேரமெல்லாம் அக்காவுக்கு.

விசில் ஊதினார்கள். முதல் வளைவு வரை அவள்தான் முன்னால். வளைவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவளுடைய வலது குதிகால் தானாக எழுந்தது. பெருவிரல் வளைந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பி, சாலையை விட்டு இறங்கி, லாலான் புல்லைப் பிளந்துகொண்டு போய் ஒரு மண்மேட்டில் ஏறி நின்றது.

முழங்காலில் தோல் உரிந்து எரிந்தது. ஐந்து வண்டிகளும் கடந்து போன சத்தம் கேட்டது. அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் பெயர் கொடுத்தாகிவிட்டது. வண்டியைச் சாலைக்கு இழுத்து வந்து, மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் எந்தக் கால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திடலுக்கு வந்து சேர்ந்தாள். அதற்குள் லெஸ்லியின் பெயரில் பாதியைச் சுவரில் எழுதிவிட்டிருந்தார்கள்.

கூட்டத்திலிருந்து அப்பா நிமிர்ந்த முதுகோடு நடந்து வந்தார். நேரே டெஸ்மண்ட் அங்கிளிடம் போய்க் கை கொடுத்தார். லெஸ்லிக்கும் கை கொடுத்தார். பிறகு ஷர்மினியிடம் வந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அவள் முழங்காலில் கட்டினார். அந்தக் கைக்குட்டையை அவர் கல்யாண வீடுகளுக்கு மட்டும்தான் எடுத்துப் போவார்.

திங்களும் செவ்வாயும் அக்கா விடாமல் ஓட்டினாள். இரவில் கணினியில் எண்பத்து நான்கு வந்தது. புதன்கிழமை விடியும் முன்பே அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள்.

அன்று அப்பா விடுப்பு எடுத்திருந்தார். உடம்பு சரியில்லை என்று சொன்னார். ஆனால் காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே இருந்தார். பிற்பகல் மூன்றரைக்கு அம்மாவின் தொலைபேசி ஒலித்தது. அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அப்பா எழுந்து நின்றார்.

"அப்பா, தேறிட்டேன்," என்றது அக்காவின் குரல்.

அப்பா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "நல்லது. சாப்பிட்டியா?"

இனிதான் சாப்பிட வேண்டும் என்றாள் அக்கா. மருத்துவச் சோதனையும் நேர்முகமும் இன்னும் இருக்கின்றன என்றாள். பிறகு தங்கையைக் கேட்டாள். ஷர்மினி தொலைபேசிக்குக் கிட்டே போனாள்.

"நம்பர் சொன்னவங்க மூக்கால பேசலடி. ரொம்ப அழகாப் பேசினாங்க," என்றாள் அக்கா. "எனக்கு உன் கொரல்தான் கேட்டுச்சு."

அம்மா புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்று அப்பளம் பொரித்தாள்.

மாலையில் ஷர்மினி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அப்பா யோங் பெங்கிலிருக்கும் பெரியப்பாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஒரே வரியில் முடித்துவிடுவார் என்று ஷர்மினி நினைத்தாள். அவர் முடிக்கவில்லை. பெடல் தப்பாகப் போனதைச் சொன்னார். வண்டியை அறுத்ததைச் சொன்னார். வாசலைத் தாண்டக் கூடாத சங்கதி அத்தனையையும் யோங் பெங் வரைக்கும் அனுப்பினார்.

"யாரு கண்டுபிடிச்சான்னு கேக்குறீங்களா?" அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "எங்க சின்னவதான் அண்ணே. பத்து வயசு."

ஷர்மினி ஒன்றும் கேட்காதவள்போலச் சோற்றைப் பிசைந்தாள். அப்பளத்தை மட்டும் மிக மெதுவாக நொறுக்கினாள். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடத் தப்பிப் போய்விடக் கூடாது.